ஊர் ஏலமும் திருப்பணியும்: அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்றுப் பார்வை

ஓர் ஊரில் பழுதடைந்து நிற்கும் கோயில், தேவாலயம், சத்திரம், சாவடி போன்ற பழைய கட்டடத்தைச் சீரமைக்க ஊரார் பொதுவில் கூடி, பொருள்களையோ உரிமைகளையோ கூவி விற்று நிதி சேர்ப்பதை ஊர் ஏலம் என்பர். தமிழ்நாட்டின் பெரும்பாலான கிராமங்களில் இந்த வழக்கம் ஏதேனும் ஒரு வடிவில் இன்றும் இருக்கிறது. திருவிழா முடிந்த இரவில் அம்மன் சாத்திய சேலையும் எலுமிச்சம்பழமும் ஏலம் போகும். ஏரியின் மீன் பாசியும் சாலையோரப் புளியமரங்களின் காய்ப்பும் ஆண்டுக்கு ஒருமுறை ஏலம் போகும். அந்தப் பணத்தில்தான் பல ஊர்களில் கோபுரத்தில் முளைத்த ஆலஞ்செடி அகற்றப்படுகிறது, ஒழுகும் மண்டபத்துக்குத் தளம் போடப்படுகிறது.

பழைய கட்டடங்கள் நிறைந்த அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள் இந்த வழக்கத்தின் பலத்தையும் பலவீனத்தையும் புரிந்துகொள்ளப் பொருத்தமான இடங்கள். கங்கைகொண்ட சோழபுரம், திருமழபாடி, கீழப்பழுவூர், மேலப்பழுவூர், கோவிந்தபுத்தூர், காமரசவல்லி, வாலிகண்டபுரம் ஆகிய ஊர்களின் சோழர் காலக் கோயில்கள், ரஞ்சன்குடிக் கோட்டை, வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பெயரிட்ட ஏலாக்குறிச்சியின் அடைக்கல மாதா ஆலயம் என இப்பட்டியல் நீளும். இவற்றுள் சில நடுவண் அரசின் தொல்லியல் துறையிடம் உள்ளன. சில இந்து சமய அறநிலையத் துறையிடம் உள்ளன. இவற்றைத் தவிர, எந்தப் பட்டியலிலும் இடம்பெறாமல் ஊராரின் கவனிப்பை மட்டுமே நம்பி நிற்கும் கட்டடங்கள் ஏராளம்.

ஏலம் என்னும் சொல்

'ஏலம்' பழந்தமிழ்ச் சொல் அன்று. போர்ச்சுகீசிய மொழியில் ஏலத்தைக் குறிக்கும் 'லெய்லாவ்' என்ற சொல்லே தமிழில் ஏலமாகவும் இந்தியில் 'நீலாம்' ஆகவும் வழங்குகிறது. அலமாரி, சாவி, ஜன்னல் ஆகியவற்றைப் போலக் கடல் வழியே வந்து தமிழாகிவிட்ட சொற்களில் இதுவும் ஒன்று.

சொல் புதிதானாலும், பலர் அறிய விலை கூறி விற்கும் பழக்கம் பழையது. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் 'பெருவிலை' என்ற சொல் வருகிறது. பொது அறிவிப்பின் வழி நடந்த விற்பனையை இது குறிப்பதாக அறிஞர்கள் பொருள் கொள்கின்றனர். கோயிலின் சொத்து சண்டேசுவரர் பெயரில் விற்கப்பட்டால் அது சண்டேசுவரப் பெருவிலை எனப்பட்டது. சிவன் கோயிலின் கணக்குக்கும் சொத்துக்கும் பொறுப்பானவராகச் சண்டேசுவரரைக் கருதும் மரபிலிருந்து இப்பெயர் வந்தது. பொதுச் சொத்து கைமாறும்போது அது ஊரறிய நடக்க வேண்டும் என்ற எண்ணம் இச்சொல்லின் அடியில் இருக்கிறது.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் ஏலம் என்ற சொல்லுக்கு அச்சம் தரும் பொருளும் சேர்ந்தது. பேஷ்குஷ் என்னும் கப்பத்தைக் கட்டத் தவறிய ஜமீனின் நிலம் ஏலத்துக்கு வந்தது. வரி பாக்கி வைத்த குடியானவரின் மாடும் பாத்திரமும் ஜப்தியாகி ஏலத்துக்கு வந்தன. 'வீடு ஏலத்துக்கு வந்துவிட்டது' என்ற பேச்சு இன்றும் ஒரு குடும்பத்தின் வீழ்ச்சியையே குறிக்கிறது. அதே சொல்லைத்தான் ஊரார் தங்கள் கோயிலைத் தூக்கி நிறுத்தும் வேலைக்கும் பயன்படுத்துகின்றனர். ஒன்று இருப்பதைப் பறிப்பது, மற்றொன்று இல்லாததைச் சேர்ப்பது.

ஊர் ஏலம் நடக்கும் முறை

ஊர் ஏலத்தில் விற்கப்படுபவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, வருமானம் தரும் உரிமைகள். ஏரி, குளங்களின் மீன் பாசி, புளியமரம், தென்னை மரம், கோயில் நிலக் குத்தகை, சீமைக்கருவேலம் வெட்டும் உரிமை ஆகியவை இதில் அடங்கும். பெரிய கோயில்களில் பக்தர்கள் செலுத்தும் தலைமுடியைச் சேகரிக்கும் உரிமையும், உடைத்த தேங்காயைச் சேகரிக்கும் உரிமையும்கூட ஏலத்தில் விடப்படுகின்றன. இவற்றை எடுப்பவர் இலாபக் கணக்குப் போட்டே கேட்பார். மழை பொய்த்து ஏரி வறண்டால் ஏலத் தொகையும் சரியும்.

இரண்டாம் வகை, சந்தை மதிப்பு குறைந்த, ஆனால் ஊராரின் மனத்தில் மதிப்பு மிகுந்த பொருள்கள். அம்மன் சாத்திய சேலை, மாலை, வேலில் குத்திய எலுமிச்சம்பழம், முதல் பொங்கல் பானை, நேர்ந்துவிட்ட சேவல், கிடாய் ஆகியவை இத்தகையன. 5 ரூபாய் எலுமிச்சம்பழத்தை ஒருவர் 5,000 ரூபாய்க்கு எடுத்தால், 4,995 ரூபாய் நன்கொடை என்றே கொள்ள வேண்டும். ஆனால் எடுத்தவர் அதை நன்கொடை என்று நினைப்பதில்லை. பழத்தைப் பூசையறையில் வைத்து, அதனால் வீட்டுக்கு நன்மை வரும் என்று நம்புகிறார்.

ஏலம் விடுபவருக்கு நல்ல குரலும் ஊராரைப் பற்றிய அறிவும் வேண்டும். யார் வெளியூரில் வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறார், யார் வீட்டில் அண்மையில் திருமணம் நடந்தது, யார் யாரோடு போட்டி போடுவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். "ஒரு தரம்… இரண்டு தரம்…" என்று இழுத்து நிறுத்திக் கூட்டத்தைப் பார்ப்பார். "மூன்று தரம்" என்று சொல்லும் முன் இன்னொரு குரல் எழுந்துவிடும். எடுத்தவரின் பெயரும் தொகையும் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டுக் கணக்கு நோட்டில் ஏறும். பல ஊர்களில் பணத்தை அப்போதே கட்ட வேண்டியதில்லை. அடுத்த திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் முன் கட்டினால் போதும்.

கிறித்தவ ஊர்களில் இதற்கு இணையான வழக்கம் அறுப்பின் பண்டிகை ஏலம். சபையார் தங்கள் வயலிலும் வீட்டிலும் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவருவர். பூசணிக்காய், வாழைத்தார், நெல் மூட்டை, முட்டை, கோழி என எல்லாம் வழிபாட்டுக்குப் பின் ஆலய வளாகத்தில் ஏலம் விடப்படும். 50 ரூபாய் பூசணிக்காயை ஒருவர் 300 ரூபாய்க்கு எடுத்து மீண்டும் காணிக்கையாகக் கொடுத்துவிடுவார். அதை இன்னொருவர் 400 ரூபாய்க்கு எடுப்பார். ஒரே பூசணிக்காயில் ஆலயத்துக்கு 700 ரூபாய் சேர்ந்துவிடும்.

நன்கொடை இருக்க ஏலம் எதற்கு?

திருப்பணிக்குப் பணம் சேர்க்க ஊரில் வேறு வழிகளும் உண்டு. தலைக்கட்டு வரி என்ற பெயரில் வீட்டுக்கு இவ்வளவு என்று விதிப்பது ஒன்று. உபயதாரர் ஒருவர் ஒரு மண்டபத்தையோ ஒரு நிலை கோபுரத்தையோ ஏற்றுக்கொள்வது மற்றொன்று. வணிகர்கள் மகமை கொடுப்பது இன்னொன்று.

தலைக்கட்டு வரி எல்லார் மேலும் சமமாக விழும். கூலி வேலை செய்பவரும் பத்து ஏக்கர் வைத்திருப்பவரும் ஒரே தொகையைக் கட்ட வேண்டும். உபயமோ வசதி உள்ள ஒருவருடையது. கல்வெட்டில் அவர் பெயர் இருக்கும், மற்றவர்கள் பார்வையாளர்களாகிவிடுவர். ஏலம் இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இயன்றவர் இயன்ற அளவுக்குக் கேட்கலாம். கேட்காமல் இருப்பவருக்கும் குறைவில்லை. எவ்வளவு சேர்ந்தது என்பது கூடியிருந்த அனைவருக்கும் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். கணக்கை யாரும் மறைக்க முடியாது, ஏனெனில் ஒவ்வொரு தொகையையும் ஊரே காதால் கேட்டிருக்கிறது.

பெரம்பலூர்ப் பகுதி உழவர்களுக்கு இந்த வேறுபாடு தொழில் வழியாகவே தெரியும். பருத்தியை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுசென்றால் அங்கு நடப்பது மறைமுக ஏலம். வியாபாரிகள் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவர். ஒருவர் கேட்ட விலை மற்றவருக்குத் தெரியக் கூடாது என்பது அதன் நோக்கம். வியாபாரிகள் கூடிப் பேசி விலையைக் குறைக்காமல் இருக்க அது உதவுகிறது. திருப்பணி ஏலத்தின் நோக்கம் நேர் எதிரானது. ஒருவர் கேட்டது எல்லார் காதிலும் விழ வேண்டும். அப்போதுதான் அடுத்தவர் கூட்டிக் கேட்பார்.

பிற இடங்களில்

விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் அருகேயுள்ள முருகன் கோயில் ஒன்றில், பங்குனி உத்திர விழாவில் வேலில் குத்திய ஒன்பது எலுமிச்சம்பழங்கள் ஆண்டுதோறும் ஏலம் விடப்படுகின்றன. குழந்தைப்பேறு வேண்டும் தம்பதியர் இவற்றை எடுக்கின்றனர். 2024-இல் ஒன்பது பழங்களும் சேர்ந்து சுமார் 2.36 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போயின.

ஐதராபாத்தின் புறநகரான பாலாப்பூரில் பிள்ளையார் கையில் வைக்கப்படும் லட்டு ஏலம் 1994-இல் 450 ரூபாயில் தொடங்கியது. 2024-இல் அது 30 லட்சம் ரூபாயைக் கடந்தது. அந்தப் பணம் ஊரின் கோயிலுக்கும் பள்ளிக்கும் பிற பொதுப் பணிகளுக்கும் செலவிடப்படுகிறது. இலங்கையின் தமிழர் பகுதிகளில் கோயில் மாம்பழத் திருவிழாவின்போது மாம்பழம் ஏலம் விடப்படுவது உண்டு. மலேசியா, சிங்கப்பூர் சீனர்கள் தங்கள் முன்னோர் வழிபாட்டு மாதத்தில் விருந்து வைத்து, மங்கலப் பொருள்களை ஏலம் விட்டுக் கோயிலுக்கும் பள்ளிக்கும் பணம் சேர்க்கின்றனர். அங்கு அடுப்புக்கரித் துண்டுகூடக் 'கருந்தங்கம்' என்ற பெயரில் பெருந்தொகைக்குப் போகும்.

இங்கிலாந்தின் ஆல்டர்மாஸ்டன் கிராமத்தில் தேவாலயத்துக்கு உரிய ஒரு நிலத்தின் குத்தகை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மெழுகுவத்தி ஏலத்தில் விடப்படுகிறது. எரியும் மெழுகுவத்தியில் ஓர் ஆணியைச் செருகி வைப்பார்கள். மெழுகு உருகி ஆணி விழும் கணத்தில் கடைசியாகக் கேட்டவருக்கே குத்தகை. நாடும் சமயமும் வேறானாலும் அடிப்படை ஒன்றே. ஊரின் பொதுக் கட்டடத்துக்கான பணம் ஊரின் கண்முன் பிறக்கிறது.

பணத்துக்கு அப்பால்: திருமழபாடி தரும் பாடம்

பணம் சேர்ந்துவிட்டால் பழைய கட்டடம் காப்பாற்றப்பட்டுவிடும் என்று சொல்ல முடியாது. சேர்ந்த பணமே கட்டடத்தைக் கெடுத்த நிகழ்வுகளும் உண்டு. கருங்கல் சுவரை மணல் வீச்சு முறையில் சுத்தம் செய்தபோது ஆயிரம் ஆண்டுக் கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்துபோயின. பின்னர் அம்முறை தடை செய்யப்பட்டது. சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவர் மீது சிமெண்டு பூசும்போது உள்ளே தங்கிய ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் உதிர்கிறது. பழைய கல்தளத்தின் மேல் வழவழப்பான ஓடு பதிக்கும்போது அடியிலுள்ள கல்வெட்டு மறைகிறது. இவை யாவும் நல்லெண்ணத்தில் செய்யப்பட்டவை, பெரும்பாலும் நன்கொடைப் பணத்தில் செய்யப்பட்டவை.

இதற்கு மாற்றான ஒரு நடைமுறை அரியலூர் மாவட்டத்திலேயே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பின்பற்றப்பட்டிருக்கிறது. கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடி வைத்தியநாதர் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்க முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013-ஆம் ஆண்டளவில், ஆணையிட்டான். பழைய விமானத்தின் சுவர்களில் பல கல்வெட்டுகள் இருந்தன. எந்த நிலம் யார் கொடுத்தது, எந்த விளக்குக்கு எத்தனை ஆடு என்ற விவரங்கள் அவற்றில்தான் இருந்தன. எனவே விமானத்தைப் பிரிக்கும் முன் அக்கல்வெட்டுகள் ஒரு புத்தகத்தில் படி எடுக்கப்பட்டன. புதிய விமானம் எழுந்த பின், முதலாம் இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. இச்செய்தியையும் அக்கோயிலின் கல்வெட்டே கூறுகிறது.

திருப்பணி என்பது கல்லையும் காரையையும் மட்டும் சார்ந்ததன்று என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர். சுவர் போனால் வேறு சுவர் எழுப்பலாம். சுவரில் இருந்த எழுத்து போனால் கொடுத்தவரின் கொடையும் கோயிலின் உரிமையும் சேர்ந்து போய்விடும். இன்று ஒரு கைப்பேசியைக் கொண்டு ஒரே நாளில் ஒரு கோயிலின் எல்லாச் சுவர்களையும் படம் எடுத்து வைக்கலாம். ஏலப் பணத்தில் முதல் செலவாக இதைச் செய்யும் ஊர், திருமழபாடியின் வழியில் நடக்கிறது எனலாம்.

கங்கைகொண்ட சோழபுரம்: 1836

கட்டடம் யாருடையது என்ற கேள்வி இதே மாவட்டத்தில் வேறொரு காலத்தில் கடுமையாக எழுந்தது. 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டினார். இன்று அணைக்கரை என்று வழங்கும் அந்த இடத்துக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் கங்கைகொண்ட சோழபுரத்தின் பெரிய கோயில் இருந்தது. இராசேந்திர சோழன் தன் புதிய தலைநகரில் எழுப்பிய அக்கோயிலின் மதில் கற்கள் அணை கட்டுவதற்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டன. சுற்றுமதில் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. சிற்பங்கள் கொண்ட கற்களும் போயின.

1855-இல் வெளியான ஓர் உள்ளூர் வெளியீடு இதைப் பதிவு செய்திருக்கிறது. வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி தம் 'சோழர்கள்' நூலில் அதை எடுத்துக் காட்டுகிறார். அப்பதிவின்படி, ஊர் மக்கள் இந்த அழிவைத் தடுக்கத் தம்மால் இயன்றதையெல்லாம் செய்தனர். பலன் கிடைக்கவில்லை. அவமதிப்பு என்று கூறி அவர்களே தண்டிக்கப்பட்டனர். இடித்த கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக ஒரு வாக்குறுதி தரப்பட்டது. அது நிறைவேற்றப்படவே இல்லை.

இதில் ஒரு முரண் உண்டு. சென்னை மாகாணத்தில் 1817-ஆம் ஆண்டின் 7-ஆம் ஒழுங்குவிதிப்படி, கோயில்கள், பள்ளிவாசல்கள், சத்திரங்கள் ஆகியவற்றின் அறக்கொடைகளையும் பொதுக் கட்டடங்களின் பராமரிப்பையும் மேற்பார்வை செய்யும் பொறுப்பைக் கம்பெனி அரசு வருவாய் வாரியத்தின் வழியே ஏற்றிருந்தது. காக்கும் பொறுப்பை ஏற்ற அரசின் ஊழியர்களே பத்தொன்பது ஆண்டுகளில் மதிலைப் பிரித்தனர். அணையால் வயல்களுக்குத் தண்ணீர் வந்தது உண்மை. ஆனால் அந்த மதிலைக் கொடுப்பதா வேண்டாமா என்று ஊராரிடம் யாரும் கேட்கவில்லை.

கோயில் பின்னர் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் வந்தது. 2004-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. 2017 பிப்ரவரி 2-ஆம் நாள், 85 ஆண்டுகளுக்குப் பிறகு குடமுழுக்கு நடந்தது. ஐப்பசி அன்னாபிடேகத்துக்கு ஊர் ஊராக அரிசி வந்து சேர்கிறது. ஆடித் திருவாதிரை இராசேந்திரனின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. கட்டடத்தின் மேல் மக்களுக்கு உள்ள உறவு 1836-இல் முறிந்துவிடவில்லை என்பதற்கு இவை சான்றுகள்.

யார் அனுமதி? யார் கணக்கு?

பிரிட்டிஷ் ஆட்சிக்குப் பின் வந்த சட்டங்கள் நிலைமையை மாற்றின. நடுவண் அரசின் 1958-ஆம் ஆண்டுத் தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் தொல்லியல் துறை தவிர வேறு யாரும் சீரமைப்பு செய்ய முடியாது. சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் உண்டு. அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில்களுக்கு 1959-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். அங்குத் திருப்பணிக்குத் துறையின் அனுமதி வேண்டும். தொன்மையான கோயிலானால் வல்லுநர் குழுவின் ஒப்புதலும் வேண்டும். சிறிய கிராமக் கோயில்களுக்கும் ஆதிதிராவிடர் குடியிருப்புக் கோயில்களுக்கும் அரசு திருப்பணி நிதி வழங்கும் திட்டம் உள்ளது. அத்தொகை தொடக்கத்துக்கு உதவும். மீதியை ஊரார்தாம் சேர்க்க வேண்டும்.

அனுமதியும் கணக்கும் எவ்வளவு முக்கியம் என்பதைப் பெரம்பலூர் மாவட்டம் சிறுவாச்சூரில் நடந்தது காட்டுகிறது. மதுரகாளியம்மன் கோயிலால் பெயர்பெற்ற அவ்வூரில், 2021 அக்டோபரில் பெரியசாமி கோயில் உள்ளிட்ட மலையடிவாரக் கோயில்களின் சிலைகள் உடைக்கப்பட்டன. செய்தி கேட்டுப் பல இடங்களிலிருந்தும் மக்கள் மனம் வருந்தினர். சிலைகளைச் சீரமைப்பதற்காக ஒரு யூடியூபர் இணையவழியில் நிதி திரட்டினார். 30 லட்சம் ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. துறையின் அனுமதி இல்லாமல் திரட்டப்பட்டது என்று கோயில் நிர்வாகம் அளித்த புகாரின்பேரில் 2022 மே மாதம் அவர் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டை அவர் தரப்பு மறுத்தது.

அந்த வழக்கின் நியாயம் நீதிமன்றத்துக்கு உரியது. இங்குக் கவனிக்க வேண்டியது வேறு. கொடுத்தவர்கள் உலகெங்கும் இருந்தனர், கோயில் சிறுவாச்சூரில் இருந்தது, அதிகாரம் துறையிடம் இருந்தது. மூன்றும் ஓரிடத்தில் கூடவில்லை. ஊர் ஏலத்தில் கொடுப்பவரும் வாங்குபவரும் கட்டடமும் ஒரே இடத்தில் இருப்பதால், 'என் பணம் என்னாயிற்று' என்று மறுநாளே கேட்க முடியும். இணையத்தின் வீச்சு பெரிது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க அங்கு ஒரு திண்ணை இல்லை.

எதை ஏலம் விடக்கூடாது?

ஊர் ஏலத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு. 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தலின்போது, அண்டை மாவட்டமான கடலூரில் ஒரு கிராமத்தில் ஊராட்சித் தலைவர் பதவி 50 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போனதாகச் செய்தி வந்தது. அந்தப் பணம் கோயில் கட்டுவதற்கு என்று சொல்லப்பட்டது. மாநிலத் தேர்தல் ஆணையம் இத்தகைய ஏலங்கள் சட்டவிரோதமானவை என்று எச்சரித்தது. 2021-இல் வேறு சில மாவட்டங்களிலும் இதே போன்ற செய்திகள் வந்தன.

நோக்கம் கோயிலாக இருந்தாலும் இங்கு விற்கப்பட்டது ஊராரின் வாக்குரிமை. எலுமிச்சம்பழத்தை எடுக்க முடியாதவர் இழப்பது ஒரு பழத்தை. பதவி ஏலத்தில் கேட்க வழியில்லாத ஏழையும் பெண்ணும் ஒடுக்கப்பட்டவரும் இழப்பது அரசியலமைப்பு தந்த உரிமையை. பொதுவில் உரக்கச் சொல்லப்பட்டது என்பதால் ஒரு செயல் நேர்மையாகிவிடாது.

முதல் மரியாதை, பரிவட்டம், தேர் வடத்தைத் தொடும் முறை ஆகியவற்றை ஏலம் விடும்போதும் இதே சிக்கல் எழும். யார் ஏலம் கேட்கலாம் என்பதில் சாதி வரம்பு வைக்கும் ஊரில், அந்தக் கட்டடத்தைப் 'பொது' என்று அழைப்பது பொருந்தாது. கொடுக்க விடாத ஒருவரிடம், 'இது உன் கோயில்' என்று எப்படிச் சொல்ல முடியும்?

நடைமுறைக் குறையும் ஒன்று உண்டு. வீம்புக்குக் கேட்ட தொகை பலரிடம் நிலுவையாகவே நின்றுவிடும். நோட்டில் 3 லட்சம் இருக்கும், கையில் 1 லட்சம்தான் வந்திருக்கும். ஸ்தபதிக்கு முன்பணம் கொடுத்து, சாரம் கட்டி, பாதியில் நிற்கும் திருப்பணிகளுக்கு இது ஒரு காரணம். அனுபவமுள்ள ஊர்கள், முந்தைய ஆண்டு பாக்கி வைத்தவரை இவ்வாண்டு ஏலம் கேட்க அனுமதிப்பதில்லை.

முடிவுரை

அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தின் வரலாறு ஒரு பழைய கட்டடம் நிலைக்க என்னென்ன தேவை என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. கட்டடத்தின் செய்திகளைப் பதிந்து வைக்க வேண்டும் என்பதைத் திருமழபாடி சொல்கிறது. ஊராரின் உரிமையை மதிக்காவிட்டால் மதிலே காணாமல் போகும் என்பதைக் கங்கைகொண்ட சோழபுரம் சொல்கிறது. நல்லெண்ணத்தோடு அனுமதியும் கணக்கும் சேர வேண்டும் என்பதைச் சிறுவாச்சூர் சொல்கிறது.

இவற்றோடு ஊர் ஏலம் சேரும்போது அது வலிமையான கருவி. அதன் கணக்கைக் கிராமசபையில் படிக்கலாம். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராமசபையில் ஏலத் தொகை, வசூலான தொகை, நிலுவை, செலவு என்ற நான்கு எண்களை வாசிக்க ஐந்து நிமிடம் போதும். வேலை தொடங்கும் முன் சுவர்களைப் படம் எடுத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு படி வைக்கலாம். ஏலத்தில் சாதி, ஆண், பெண் என்ற வரம்பின்றி எவரும் கேட்கலாம் என்று முதலிலேயே அறிவிக்கலாம்.

1836-இல் கங்கைகொண்ட சோழபுரத்து மக்களின் குரலைக் கேட்பதற்கு எவரும் இல்லை. திருவிழா இரவில் ஒலிபெருக்கி முன் நின்று ஒரு பழத்துக்கு விலை சொல்பவரின் குரல் ஊர் முழுவதும் கேட்கிறது. அந்தக் குரல் மறுநாள் கணக்குக் கேட்கும்போதும் அதே அளவுக்குக் கேட்டால், அந்த ஊரின் பழைய கட்டடம் அடுத்த தலைமுறைக்கும் நிற்கும்.